மூன்றாம் நம்பர் லயத்துக் கப்பல்

நீலகிரி மாவட்டத்தில் கடலை முழுவதுமாக அறிந்த மனிதர் ஒருவர்தான் உண்டு, அவர் பெயர் பழனியாண்டி. இதைச் சொன்னவரும் பழனியாண்டிதான். மறுப்பதற்கு ஆள் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏழாயிரம் அடி உயரத்தில் இப்படி ஒரு செய்தியை யார் போய்ச் சரிபார்ப்பது?

ஆதாரம் இல்லாமல் அவர் பேசவில்லை. இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி சிலோன் தோட்டங்களிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்கியவர். இடையில் இருந்தது கடல். அந்தப் பயணத்தின் பெரும்பகுதியை அவர் ஓர் அரிசிச் சாக்கின் மேல் முகத்தைக் கவிழ்த்துக் கழித்தார் என்று அவர் மனைவி பொன்னாயி சொல்வதுண்டு.

"கண்ணால பாக்கிறவன் கடல வெளங்கிக்க ஏலாது," என்பார் பழனியாண்டி. "வயித்தால வெளங்கிக்கணும்."

ஆனால் இப்போது அவருக்கு வந்திருந்த சிக்கல் கடல் அல்ல. ஒரு சேலை.

இத்தலாருக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், மூன்றாம் நம்பர் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டில், அவர் குடும்பத்துக்கு ஒரு காம்பரா கொடுத்திருந்தார்கள். மகன் ராசுவுக்குக் கல்யாணம் ஆனதும் பொன்னாயி தன் பழைய சேலை ஒன்றை நடுவில் கட்டி அந்த ஒற்றை அறையை இரண்டாக்கினாள். மருமகள் தெய்வம்மா கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தாள். சேலைக்கு அந்தப் பக்கம் மாமனார் குறட்டை விடுவதைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். குறட்டையை நடுவில் நிறுத்தி, "ராசு, என்னடா சத்தம்?" என்று அவர் கேட்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் கூடலூர்ப் பக்கத்திலிருந்த அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

"சொவரு வந்தா சொல்லி அனுப்புங்க மாமா. வாறேன்," என்று மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றோடு ராசு பேச்சை நிறுத்திவிட்டான். சாப்பிட உட்கார்ந்தால் முதலில் சேலையைப் பார்ப்பான். பிறகு அப்பாவைப் பார்ப்பான். பிறகு சோற்றில் கை வைப்பான்.

"என்ன பாக்கிறான் இவன்?" என்று பழனியாண்டி மனைவியிடம் கேட்டார்.

"சொவத்தப் பாக்கிறான்," என்றாள் பொன்னாயி. "காணோம்ல, அதான் உங்களப் பாக்கிறான்."

தோட்டத்தில் காலியாக ஒரு சுவர் இருக்கத்தான் செய்தது. ஃபாக்டரிக்குப் பின்னால் பழைய விறகு ஸ்டோர். நீளமான கட்டடம். அதன் நடுவே, தலையிலிருந்து கால்வரை, ஓட்டை உடைசல் இல்லாத கருங்கல் சுவர். இந்தப் பக்கம் மாமனார், அந்தப் பக்கம் மருமகள் என்று திட்டம் போட்டே கட்டியது மாதிரி இருக்கும். ஆனால் அங்கே ஜூடித் குடியிருந்தாள்.

ஜூடித் என்பது ஒரு படகு. முன்பிருந்த வெள்ளைக்காரத் துரை அதற்குத் தன் மனைவியின் பெயரை வைத்திருந்தார். அவர் நுவரெலியாப் பக்கம் தோட்டம் பார்த்தவர். அங்கே தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், கொழும்பிலிருந்து கொச்சிக்குத் தன் சொந்தப் படகிலேயே பாய் விரித்து வந்து சேர்ந்தார். இங்கே வேலை கிடைத்தது. படகைப் பிரிய மனமில்லாமல் கழற்றி லாரியில் ஏற்றி மலைக்கும் கொண்டுவந்துவிட்டார். பிறகு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. இரண்டு ஜூடித்துகளில் ஒருத்தியைத்தான் அவரால் அழைத்துப்போக முடிந்தது.

விட்டுப்போன ஜூடித்துக்கு உடம்பு இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு நீளமான தோணி. பர்மாத் தேக்குப் பலகையில் இழைத்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறுக்கே உத்திரம் போட்டுக் கயிற்றால் கட்டி, நடுவில் பலகைத் தளம் பரப்பி, அதன் மேல் பாய்மரம் நட்டால் படகு. கழற்றிய நிலையில், சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக விறகு ஸ்டோரை நிறைத்துக்கொண்டு கிடந்தாள்.

ஆங்கிலத்தில் இதைக் கேட்டமரான் என்கிறார்கள். வேறொன்றுமில்லை, நம் கட்டுமரம்தான். எந்தக் காலத்திலோ நம் கரையை விட்டுப் போன சொல், ஊர் ஊராகச் சுற்றி, உச்சரிப்பு மாறி, திரும்பி வந்திருந்தது. வந்த இடத்தில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பழனியாண்டிக்கு அந்தப் படகின் மேல் தனிப் பாசம் இருந்ததற்கு இதுதான் காரணம். அவரையும் அங்கே இந்தியாக்காரன் என்றார்கள். இங்கே சிலோன்காரன் என்கிறார்கள்.

ஒருநாள் ஆபீஸ் வாசலில் புதிய துரையிடம் அவர் விறகு ஸ்டோரைக் கேட்டார். புதிய துரை நம்மூர்க்காரர்தான். ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துரை.

"அந்தப் படகை என்ன செய்யறது?" என்றார் துரை.

பெரிய கிளார்க் கொர்னேலியஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வழி சொன்னார். "ரெண்டு ஆள் போதும் சார். அறுத்து விறகாக்கிட்டா பாய்லருக்கு ஆச்சு. ஸ்டோரும் காலி."

பழனியாண்டி இரண்டு படி மேலே ஏறிவிட்டார்.

"என்னங்கய்யா கதைக்கிறீங்க? கப்பல அறுக்கிறதா? ரம்பத்தப் புடிச்சுக்கிட்டுக் கப்பல் பக்கத்துல போறவன் மனுசனா? மரத்தையும் கப்பலையும் பாத்தா வித்தியாசம் வெளங்காத ஆளெல்லாம் கிளார்க்கு!"

"அப்ப நீயே வித்துக் குடு," என்றார் கொர்னேலியஸ்.

"விக்கிறேன்."

துரைக்கு இது பிடித்திருந்தது. அறுத்தால் கம்பெனி தன்னைக் கேள்வி கேட்கும் என்ற கவலை அவருக்கு இருந்தது. "படகா வந்தது, படகாவே போகணும்," என்று தீர்ப்புச் சொன்னார். "அதை வித்துக் குடுக்கிறவனுக்கு அந்த ஸ்டோர். சாவி அன்னைக்கே."

கொர்னேலியஸ் கோயம்புத்தூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு விளம்பரம் அனுப்பினார். சின்ன வயதில் தமிழில் பரிசு வாங்கியவர். ஆங்கிலச் சொல்லைத் தொடாமல், பழைய கட்டுமரம் விற்பனைக்கு, பர்மாத் தேக்கு, நேரில் வந்து பார்க்கலாம் என்று சுத்தத் தமிழில் எழுதிப் போட்டார்.

விளம்பரம் வந்த மறுநாளே ஆபீசுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து போன் வந்தது. கருப்புசாமி என்று ஒருவர். அதிகம் பேசவில்லை. எத்தனை வருசத்தது என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன் என்றார். வைத்துவிட்டார்.

"பாத்தீங்களா?" என்றார் பழனியாண்டி. "எடுத்த எடுப்புல வயசக் கேக்கிறாரு. அனுபவசாலி."

"ஸ்டோர்லயே காட்டிடு. வந்து பாக்கட்டும், போகட்டும்," என்றார் கொர்னேலியஸ்.

"கப்பல்காரனுக்குக் கப்பல விறகு ஸ்டோர்ல காட்டுறதா? தண்ணியில காட்டணும். ஓட்டிக் காட்டணும்."

"யார் ஓட்டுறது?"

பழனியாண்டி, அந்தக் கேள்வியே தன்னை அவமதிப்பது என்பதுபோல மலைமுகட்டைப் பார்த்தார்.

தோட்டத்துக்குள் ஒரு ஏரி இருந்தது. ஏரி என்றால் ஃபாக்டரிக்குத் தண்ணீர் எடுக்கக் கட்டிய தேக்கம். நீளம் உண்டு, அகலம் கிடையாது. இரண்டு பக்கமும் தேயிலைச் சரிவு, நடுவில் தண்ணீர். ஜூடித்தை அங்கே கொண்டுபோக வேண்டியதுதான் பாக்கி.

வெளியே இழுக்கும் வேலை சனிக்கிழமை காலையில் தொடங்கியது. முதல் தோணி கதவு நிலையில் மாட்டிக்கொண்டது. பழனியாண்டி நிலையைப் பெயர்க்கச் சொன்னார். நிலையைப் பெயர்த்ததும் முன்சுவரில் பாதி கூடவே வந்துவிட்டது. மேலும் இழுத்தபோது தோணியின் வால் பக்கம் திரும்பி, நடுச்சுவரை நெருங்கியது. அப்போதுதான் தெய்வம்மா போன நாளிலிருந்து வாய் திறக்காத ராசு, முழுத் தொண்டையில் கத்தினான்:

"யப்பா! சொவரு!"

கயிற்றை எல்லாரும் விட்டுவிட்டார்கள். ராசு ஓடிப்போய்த் தோணிக்கும் சுவருக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்து நின்றான். தோணி அவனைத் தொட்டு நின்றது. நடுச்சுவர் பிழைத்தது. ராசு அதை இரண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஊமையானான்.

தோணிகள் ஏரிக்கரைக்குப் போனதும் பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பொன்னாயி ஏணி வைத்து இறங்கியே பார்த்துவிட்டாள். ஒரு தோணிக்குள் முன்னால் ஒரு கட்டில், பின்னால் ஒரு கட்டில், நடுவில் பலகைத் தடுப்பு. இன்னொரு தோணிக்குள் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, வரைபடம் விரிக்க மடக்கு மேசை, கடைசியில் கதவு போட்ட கக்கூஸ்.

"ரெண்டு காம்பரா, ஒரு குசினி, ஒரு கக்கூஸ்," என்று வெளியே வந்து அறிவித்தாள். "நம்ம லயத்துல மூணு தலைமொறைக்கு ஒத்தக் காம்பரா. தண்ணியில போற கட்டைக்கு நடுவுல தடுப்பு வேற."

"கட்டைன்னு சொல்லாத," என்றார் பழனியாண்டி. "கப்பல்."

உடம்பு கிடைத்தது. உறுப்புகளைக் காணவில்லை. துரை போன பிறகு, யாருக்கு எது தேவையோ அதை அவரவர் நல்ல எண்ணத்தோடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாய்மரம் தொழிற்சங்கக் கொடிக்கம்பமாக நின்றது. பாய், மாரியம்மன் கோவில் பந்தலாக இருந்தது; அதில் பெரிய எழுத்தில் 'உபயம்: மூன்றாம் நம்பர் லயம்' என்று வேறு எழுதியிருந்தார்கள். நங்கூரம், காலையில் ஆளைக் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் மணியாகத் தொங்கியது. கயிறு முழுக்கக் கொடி கட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது.

சங்கத் தலைவர் அய்யாவு, கொடி இறங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கம்பத்தைக் கொடுத்தார். ஆகவே ஜூடித் தொழிற்சங்கக் கொடியோடு போக வேண்டியதாயிற்று. பூசாரி, எழுத்தை அழிக்கக் கூடாது என்று பந்தலைக் கொடுத்தார். நங்கூரத்தைக் கழற்றியபோது கொர்னேலியஸ் ஓடிவந்தார்.

"திங்கக்கெழமை பிரட்டுக்கு எதை அடிக்கிறது?"

"திங்கக்கெழமைக்கு மணியெதுக்கு? நான் ஸ்டோருக்குக் குடிபோயிருப்பேன். பக்கத்துலதானே? கூப்பிடுங்க, வாறேன்."

"மத்த முந்நூறு பேர்?"

பழனியாண்டிக்கு அந்த முந்நூறு பேரைப் பற்றி அக்கறை இல்லை. அவர் நங்கூரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தோணிகளைக் கட்டத் தொடங்கினார்கள். பழனியாண்டி ஆட்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார். அய்யாவு கோஷ்டிக்கு ஒரு தோணி, ராசு கோஷ்டிக்கு ஒரு தோணி. நடுவில் மூடுபனி. கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவன் முகம்கூடத் தெரியவில்லை.

"மூக்கு எங்கிட்டு வைக்கிறது?" என்று பனிக்குள்ளிருந்து அய்யாவு கேட்டார்.

"நீ நிக்கிற பக்கம்!" என்று கத்தினார் பழனியாண்டி.

இரண்டு கோஷ்டியும் தாங்கள் நிற்கும் பக்கம் மூக்கை வைத்துக்கொண்டன. உத்திரம் போட்டுக் கயிறு இறுக்கி, தளம் பரப்பி, கம்பம் நட்டு முடித்தபோது வெயில் வந்து பனி விலகியது. ஏரிக்கரையில் கூடியிருந்த தோட்டம் முழுவதும் படகை எட்டிப் பார்த்தது.

"பழனியாண்டி," என்றார் கொர்னேலியஸ் மெதுவாக. "ஒரு மூக்கு கெழக்கப் பாக்குது. ஒரு மூக்கு மேக்கப் பாக்குது."

பழனியாண்டி பார்த்தார். ஒரு கணம்தான். தலைவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"அது அப்பிடித்தான்," என்றார். "போறதுக்கு ஒண்ணு. வாறதுக்கு ஒண்ணு."

அவிழ்த்துக் கட்ட நேரம் இல்லை. மேட்டில் லாரி வந்து நின்றிருந்தது.

லாரியிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கருப்புசாமி இறங்கினார். தடித்த மனிதர். வணக்கம் சொல்லிவிட்டு நேராகப் படகிடம் போனார். யாரோடும் பேசாமல் ஒரு தோணியை விரல் முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். இன்னொரு இடத்தில் தட்டினார். பிறகு நகத்தால் லேசாகச் சுரண்டி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டார்.

"பர்மாதானுங்க," என்றார் கண்ணைத் திறக்காமலே.

"ஆமாங்கய்யா. பர்மா வரைக்கும் போகும்," என்றார் பழனியாண்டி.

கருப்புசாமி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, உள்ளார இத்தனை பொந்தா இருக்குதே?"

"குசினிங்கய்யா."

"அந்தக் கடைசியில?"

"கக்கூஸ்."

"இதுக்குள்ளயுங்களா!"

"கதவு இருக்குங்கய்யா."

கருப்புசாமி தாடையைத் தடவிக்கொண்டார். "செரி, அதைத் தள்ளிப்போட்டுப் பாப்போம். ஆணி அடிச்சிருக்குதுங்களா?"

"ஆணியே கெடையாது. முழுக்கக் கயிறு, மர ஆப்பு."

"அப்பத் தேவலைங்க. ஆணி இருந்தா பல்லு போயிருமுங்க."

"கடல்ல அப்பிடித்தாங்கய்யா," என்றார் பழனியாண்டி உருக்கமாக. "ஒரு அலை தூக்கிப்போட்டா மொத்தப் பல்லும் போயிரும்."

கொர்னேலியஸிடம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார்: "பெரிய கப்பல்காரரு. பேச்சப் பாத்தாலே தெரியலயா?"

பிறகு கையை உயர்த்தினார். முப்பது பேர் சேர்ந்து தள்ளினார்கள். ஜூடித் உருளைக் கட்டைகளின் மேல் கிறீச்சிட்டுக்கொண்டு தண்ணீருக்குள் வழுக்கினாள்.

கருப்புசாமி பதறிப்போனார். "ஏனுங்க! ஏனுங்க! எதுக்குங்க நனைக்கறீங்க?"

"நனைச்சாத்தாங்கய்யா அதோட தரம் தெரியும்!"

அந்தப் பதிலில் ஏதோ நியாயம் கருப்புசாமிக்குப் பட்டிருக்க வேண்டும். அவர் வாயை மூடிக்கொண்டு உற்றுப் பார்த்தார். ஜூடித் மிதந்தாள். ஆட்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். அப்போதும் மிதந்தாள். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"நீங்களும் வாங்கய்யா," என்று பழனியாண்டி கையை நீட்டினார்.

"நானுங்களா?"

"நீங்க பாக்காத கடலா?"

கருப்புசாமி அதற்குப் பதில் சொல்வதற்குள், பின்னாலிருந்து ஆர்வத்தோடு நாலு பேர் தூக்கி அவரைத் தளத்தில் வைத்துவிட்டார்கள்.

பாய் ஏறியது. 'உபயம்: மூன்றாம் நம்பர் லயம்' என்ற எழுத்துகள் காற்றில் புடைத்து நின்றன. உச்சியில் தொழிற்சங்கக் கொடி படபடத்தது. கரையில் பூசாரி சூடம் காட்டினார். மலை இடுக்கிலிருந்து குறுக்கே ஒரு காற்று வந்தது. ஜூடித் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டாள். பிறகு பாய்ந்தாள்.

அப்படி ஒரு வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை, பழனியாண்டியைத் தவிர என்று எழுதத்தான் ஆசை. அவரும் எதிர்பார்க்கவில்லை. கரையோரம் கூடவே ஓடிவந்த லயத்து நாய்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டன. ஒற்றைத் தோணியாக இருந்தால் அந்தக் காற்றுக்குக் கவிழ்ந்திருக்கும். ஜூடித் இரண்டு காலையும் அகட்டி ஊன்றிக்கொண்டு, சாயாமல், தட்டில் வைத்த தண்ணீர் தளும்பாத மாதிரி போனாள். உள்ளே அடுப்பின் மேல் பொன்னாயி மறந்து வைத்துவிட்டு வந்த டீத் தம்ளர்கூட அசையவில்லை.

பழனியாண்டியின் வயிறு மட்டும் அசைந்தது. அது தலைமன்னாரை நினைத்துக்கொண்டது. அவர் கம்பத்தைக் கட்டிப்பிடித்து, பல்லைக் கடித்து, நாட்டை வென்றவர் முகத்தோடு நின்றார்.

"யோவ், எதிர்க்கரை வருதுய்யா!" என்று அய்யாவு கத்தினார். "திருப்பு!"

திருப்ப இடம் இல்லை. ஏரியின் அகலம் படகின் நீளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

"நங்கூரத்தப் போடு!" என்றார் பழனியாண்டி.

ராசு நங்கூரத்தைத் தூக்கிப் போட்டான். அது கயிற்றோடு போயிற்று. கயிற்றின் மறுமுனையை யாரும் எதிலும் கட்டியிருக்கவில்லை. தோட்டத்தின் மணி குமிழிகளை விட்டுக்கொண்டு அடியில் இறங்கியது.

ஜூடித் எதிர்க்கரைச் சேற்றில் மெத்தென்று மூக்கைச் செருகி நின்றாள். கருப்புசாமி கண்ணைத் திறந்தார்.

"இனி எப்பிடிங்க திரும்பறது?" என்று ஈனசுரத்தில் கேட்டார்.

அந்த நொடியில்தான் பழனியாண்டியின் புகழ் நிலைபெற்றது. அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே இன்னொரு மூக்கு, புறப்பட்ட கரையைப் பார்த்தபடி தயாராக இருந்தது.

"திரும்புறதா? எதுக்குத் திரும்பணும்?" என்றார். "பாய மட்டும் அங்கிட்டு மாத்துங்கடா!"

பாயை மாற்றினார்கள். காற்று குறுக்கே அடித்ததால் போவதற்கு உதவிய அதே காற்று வருவதற்கும் உதவியது. உலகத்தில் எந்தப் படகும் வளைந்து, வட்டமடித்து, கெஞ்சித்தான் திரும்பும். ஜூடித் திரும்பாமலே திரும்பினாள். கரை முழுவதும் விசில் பறந்தது. துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். கொர்னேலியஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நேராகப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

இறங்கியதும் கருப்புசாமி சற்று நேரம் தரையைக் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டார். பிறகு பழனியாண்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"எங்கப்பாரு காலத்துல இருந்து இந்தத் தொழிலுங்க. தண்ணியில போட்டு, ஆளையும் ஏத்தி, இவ்வளவு நாணயமாக் காட்டி விக்கறவங்கள நான் பாத்ததே இல்லீங்க. ஒரு சொட்டு இழுக்கல. எடுத்துக்கறனுங்க. இன்னைக்கே கொண்டுட்டுப் போயர்றேன்."

தொகையை அவர் பேரம் பேசாமல் கொர்னேலியஸ் கையில் கொடுத்தார். துரை எல்லார் முன்னாலும் விறகு ஸ்டோர்ச் சாவியைப் பழனியாண்டிக்குக் கொடுத்தார். முன்சுவரில் பாதி இல்லாத கட்டடத்துக்குச் சாவி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நடுச்சுவர் இருந்தது. அதுதான் பேச்சு.

"ராசு, கூடலூர் பஸ்ஸு..." என்று பொன்னாயி ஆரம்பித்தாள். ராசு அங்கே இல்லை. மேட்டுப் பாதையில் ஈரக் கால்சட்டையோடு ஓடிக்கொண்டிருந்தான்.

ஆட்கள் பழனியாண்டியைத் தோளில் தூக்கினார்கள். "கப்பல்காரருக்கு!" என்று அய்யாவு குரல் கொடுக்க, "ஜே!" என்றது ஏரிக்கரை. உயரத்தில் இருந்தபடி அவர் ஒரு சிறு உரை நிகழ்த்தினார். கப்பலின் அருமை கப்பல்காரனுக்குத்தான் தெரியும் என்றார். இதைப் போய் அறுக்கச் சொன்ன ஒருவர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார், பெயர் சொல்ல விரும்பவில்லை, கண்ணாடி போட்டிருப்பார் என்றார். ரம்பம் பிடிக்கிற கை உருப்படாது என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அப்போது லாரி டிரைவர் இசக்கிமுத்து சரிவில் இறங்கி வந்தான். தெற்கத்திக்காரன். தோளில் இரண்டு பக்கமும் பிடி வைத்த ஆள் நீள ரம்பம். படகைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டான்:

"மொதலாளி, பேப்பர்ல கட்டு மரம்னுதான போட்டிருந்தாவ? நம்ம மரக்கடைக்கு வாங்குத மரத்த எதுக்கு இப்படிப் படகு மாதிரி கட்டி வச்சிருக்காவ?"

பழனியாண்டி தோள்களிலிருந்து இறங்கினார். கையிலிருந்த சாவியைப் பார்த்தார். மேட்டுப் பாதையைப் பார்த்தார். ராசு முனை திரும்பியிருந்தான். ரம்பத்துக்கு இரண்டு பிடி. இசக்கிமுத்து ஒரே ஆள். அவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போய், மறுபக்கப் பிடியைப் பிடித்தார்.